சொட்டுக்கூடக் கசியாத சுவர்

கோவில்பட்டியில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். சுவரில் விரிசலைக் கண்டதும் பயந்து ஓடாதீர்கள். கரிசல் மண்ணில் விரிசலே விழாத வீடு கட்டினேன் என்று எவனாவது சொன்னால், அவன் இன்னும் சாவியை வீட்டுக்காரனிடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். விரிசலின் இரண்டு முனைகளையும் மட்டும் உற்றுப் பாருங்கள். சில வீடுகளில் அந்த முனையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டும், பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு தேதியும் இருக்கும். நகப்பூச்சில் எழுதியது. இரண்டு தடவை வெள்ளை அடித்தாலும் லேசாக எட்டிப் பார்க்கும். அப்படிப் பொட்டு இருந்தால் தைரியமாகப் பேச்சைத் தொடங்கலாம். அந்த வீட்டை டீச்சர் பார்த்திருக்கிறார்.

டீச்சர் தன் நகத்துக்குப் பூசி நான் ஒரு நாளும் கண்டதில்லை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் ஒரு வாட்ச், அவ்வளவுதான் அலங்காரம். ஆனால் கைப்பையில் சிவப்பு நகப்பூச்சு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். ஃபேன்சி ஸ்டோர் பெண் புதிதாக ரோஸ் கலர் வந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினால், "சுண்ணாம்பு மேல அது தெரியுமா?" என்று கேட்பாராம். அந்தப் பையில் இன்னும் இரண்டு சாமான் உண்டு. ஒன்று, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி. இஞ்சுக்கு ஒரு கோடு அதே நகப்பூச்சால் போட்டிருப்பார். விரிசலுக்குள், குழிக்குள், ஓட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் அதை விட்டு ஆழம் பார்ப்பார். இன்னொன்று ஒரு நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம்.

ஊருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் மண்ணும் அஸ்திவாரமும்தான் அவர் எடுத்த பாடம். பிள்ளைகளுக்கு மேடம், ஊருக்கு டீச்சர். வகுப்பு முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த பிறகும், வீடு கட்டுகிறவர்கள் கூப்பிட்ட இடத்துக்கு மொபெட்டில் வருவார். ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் நூல் மாதிரி உருட்டுவார். நூல் எவ்வளவு மெல்லிசாக அறுந்து போகாமல் வருகிறதோ அவ்வளவு தூரம் அந்த மண் ஊதும், சுருங்கும். மோசமான மண்ணா டீச்சர் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"மோசமெல்லாம் கிடையாது. சேட்டை பிடிச்ச மண்ணு. தண்ணியக் கண்டா துள்ளும், வெயிலைக் கண்டா சுருண்டு படுத்துக்கிடும். அதுக்கேத்த மாதிரி நாமதான் நடந்துக்கிடணும்."

நான் கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவன். மண்ணைப் பற்றி எனக்கே ஒரு பொம்பளை வந்து பாடம் எடுக்கிறதா என்று முதல் நாளே எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்குத் திமிர் ஜாஸ்தி. விளாத்திகுளம் ரோட்டில் ஒரு வாத்தியார் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப் போட்டிருந்தேன். வைகாசி வெயில். நாலடி ஆழத்தில் கடப்பாரை போட்டால் ணங் ணங்கென்று தெறித்தது. கல்லு மாதிரி இறுகிக் கிடக்கிறது, இதுக்கு மேல் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். அங்கேதான் டீச்சர் வந்து இறங்கினார். குழியை எட்டிப் பார்த்தார். வாத்தியார் வீட்டம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி மூலையில் ஊற்றினார்.

"நாளைக்குக் காலைல வாரேன். அண்ணாச்சி, நீங்களும் செருப்பைக் கழத்திட்டு இதுல இறங்கி நில்லுங்க."

மறுநாள் என் ஆட்கள் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜம்பமாக இறங்கினேன். கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. ஒரு காலை எடுத்தால் இன்னொன்று மாட்டுகிறது. சித்தாள் ஒருத்தி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டித் தூக்கிவிட்டார்.

"வெயில் காலத்துல இது எல்லாரையும் ஏமாத்தும் அண்ணாச்சி. கறுப்பு மண்ணு முடிஞ்சு, வெள்ளையா சுக்கான் வரட்டும். அதுவரைக்கும் போங்க."

இன்னும் மூன்றடி போக வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் கட்டி கலந்த அந்த வெள்ளைச் சுக்கான் மண் வந்த பிறகுதான் விட்டார். அந்த வீடு இன்றைக்கும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. நான் கட்டினது என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சருக்கு வருஷக் கணக்கு கிடையாது. மழைக் கணக்குதான். எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் அடிக்கிற ஒரே மழைதானே மழை. நிரப்பின மண் எப்போது அமரும் டீச்சர் என்று கேட்டால், "இது மூணு மழை. அந்தப் பக்கம் பள்ளம், அதுக்கு அஞ்சு மழை" என்பார். தன் கல்யாணத்தையே பதினெட்டு மழைக்கு முந்தி என்று சொன்னவர் அவர். மழை ஓய்ந்து முதல் வெயில் எடுத்தால் போதும், மொபெட்டை எடுத்துக்கொண்டு, தான் யோசனை சொன்ன வீடுகளையெல்லாம் ஒரு சுற்று பார்க்கக் கிளம்பிவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பொட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதி, வாய்த்தால் ஒரு வாய் காப்பி. மூன்று மழை தொடர்ந்து ஒன்றும் அசையாமல் இருந்தால் அந்தப் பக்கத்தில் 'அமர்ந்தது' என்று எழுதி, பக்கத்தை மடித்துவிடுவார். அதோடு அந்த வீட்டை விட்டுவிடுவார்.

எல்லோருக்கும் இது பிடிக்குமா? ஒரு வீட்டில் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருக்கும்போது டீச்சர் போக்ஸ் கம்பியோடு போய் நின்றிருக்கிறார். "நல்ல நாளும் அதுவுமா விரிசல் பாக்கவா வருவாங்க?" என்று அந்த வீட்டம்மா தெருவே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள். டீச்சர் வாசலோடு திரும்பிவிட்டார். மறுவாரம் மறுபடி போனார். அந்த வீட்டில் குளிக்கிற தண்ணீரையெல்லாம் ஈசானி மூலைப் பப்பாளிக்கு விட்டிருந்தார்கள். அந்த மூலை மட்டும் நனைந்து ஊதி, மற்ற மூணு மூலையும் காய்ந்து சுருங்கி, சன்னலுக்கு மேலே கோணலாக ஒரு விரிசல். கோடையில் வாயைப் பிளந்து நிற்கும்போது அதில் சிமெண்டை அடைப்பார்கள். மழையில் சுவர் மூடிக்கொள்ள வரும், நடுவில் சிமெண்ட் இருக்கும், பூச்சு பிதுங்கிக் கொட்டும். வருஷா வருஷம் இதே கூத்து.

"ஒரு மூலைக்கு மட்டும் ஊட்டாதீங்கம்மா. நனைச்சா நாலு பக்கமும் ஒண்ணுபோல நனைங்க. முடியாதுன்னா சுத்தி சிமெண்டு தளம் போட்டு, தண்ணிய தூரமா கொண்டுபோய் விடுங்க. விரிசலைச் சும்மா விடுங்க, அது பாட்டுக்கு மூச்சு விடட்டும்."

அந்த அம்மா இரண்டையும் செய்தாள். இரண்டாவது மழையில் விரிசல் பொட்டோடு நின்றுவிட்டது. அப்புறம் டீச்சர் வரும் நாளைக்கு அதிரசம் எடுத்து வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள்.

ஒரு வார்த்தை மட்டும் டீச்சர் வாயிலிருந்து வாங்க முடியாது. 'ஒண்ணும் ஆகாது' என்கிற வார்த்தை. நாங்களெல்லாம் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை அது. நாகலாபுரத்துக்காரர் ஒருவர், நெஞ்சு வலி ஆள், சுவர் விரிந்ததைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "மூணு மழை போகட்டும்ய்யா, சொல்லுதேன்" என்றார் டீச்சர். கல் நெஞ்சு என்று அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டினேன். மூன்று மழை கழித்து, நான் பக்கத்தில் வேலையாக இருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பெரியவர் அதற்கு முந்தின தையிலேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி மட்டும் இருந்தார். டீச்சர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவிய கேட்டாங்கல்லா, அதான் சொல்ல வந்தேன்" என்றார். அந்த அம்மா அழுத அழுகையில் நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் பொய் சொன்னேன்.

ஜவுளிக் கடை பாய் ஒருவர் மேட்டில் வீடு கட்டினார். அவர் மனைக்குக் கீழே ஏழடிப் பள்ளத்தில் ஒரு பால்வாடி. பால்வாடி முற்றத்தை ஒட்டியே பாய் மனையின் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு தாங்கு சுவர் வேண்டும். டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கருங்கல் கட்டு, அடியில் அகலம், மேலே குறுகல். சுவரில் இரண்டு வரிசையாகப் பத்து ஓட்டை, குழாய் வைத்து. சுவருக்குப் பின்னால், அடியிலிருந்து மேலே வரைக்கும், ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக்கல். மழைத் தண்ணீர் சரளை வழியாக இறங்கி ஓட்டை வழியாக வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் பின்னால் இருக்கிற கரிசல் ஊதும், தண்ணீரும் சேர்ந்து தள்ளும். இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

சுவர் எழும்பிவிட்டது, அதன் பின்னால் சரளைக்கு விட்ட குழி மட்டும் திறந்து கிடந்தது. பாயின் மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. பந்தல் போடுவது அந்த மேட்டு முற்றத்தில். சரளை லாரி வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. குவாரியில் ஏதோ வேலைநிறுத்தம். நாளை, நாளை என்று ஒரு வாரம் போய்விட்டது. பந்தல்காரன் வந்து, "குழிய மூடாம கால் எங்கன நடுறது?" என்று நிற்கிறான். டீச்சருக்குப் பரீட்சை வேலை, நாலு நாள் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம், தோண்டிக் குவித்திருந்த கறுப்பு மண்ணையே சுவருக்குப் பின்னால் தள்ளி, மிதித்து, மேலே கல் பாவிவிட்டேன். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. என் ஆட்கள் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சரளை ஒண்ணரை அடி போட்டீங்கல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார் டீச்சர், பரீட்சை முடிந்து வந்த அன்று.

"போட்டேன் டீச்சர்."

சந்தேகமே படவில்லை. நோட்டில் அந்தச் சுவருக்கான பக்கத்தை எடுத்து 'சரளை போட்டாச்சு' என்று எழுதிக்கொண்டார். என் வார்த்தையை அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பால்வாடி முற்றத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மேலே பாய் நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "பாருங்க டீச்சர்! ஒரு சொட்டுத் தண்ணி கசியல. அண்ணாச்சி கை அப்பிடி" என்று என்னைக் காட்டினார். பால்வாடி அக்காவும், "போன வருஷம் முத்தமெல்லாம் சகதியா கெடந்துச்சு. இப்பப் பாருங்க, காஞ்சு போயில்லா கெடக்கு" என்றாள். பத்து ஓட்டையும் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், டீச்சரையும் என்னையும் தவிர.

டீச்சர் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் போக்ஸ் கம்பியை விட்டுப் பார்த்தார். குழாய் நீளத்துக்குக் கம்பி எட்டவில்லை, பின்னால் கிடப்பது சரளையா மண்ணா என்று தெரியவில்லை. சுவர் தலையிலிருந்து தூக்குக்குண்டு விடச் சொன்னார். நான்தான் விட்டேன். உச்சி அரை இஞ்சு முன்னால் வந்திருந்தது. அந்தச் சுவரின் நிழலில்தான் பிள்ளைகள் இருபது பேர் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள்.

டீச்சர் நோட்டை விரித்து, குடைக்குள்ளேயே நின்று கணக்கைத் திருப்பிப் போட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. முகம் வெளிறிப் போய்விட்டது. அப்புறம் பால்வாடி அக்காவைக் கூப்பிட்டு, "பிள்ளைகளை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிருங்கக்கா. நான் சொல்லுத வரைக்கும் முத்தத்துல யாரும் உக்கார வேண்டாம்" என்றார். மேலே ஏறிப் போய்ப் பாய் முன்னால் நின்றார்.

"பாய், என் கணக்குல எங்கயோ தப்பு இருக்கு. ஓட்டைய உயரம் மாத்தி வச்சிட்டேனோ, சரளை அகலம் பத்தலையோ தெரியல. அண்ணாச்சி மேல தப்பில்ல. நான் கையெழுத்துப் போட்டது. பின்னால தோண்டி எடுத்துச் சரி பண்ணணும்."

பாய் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கல்யாண வீட்டு முற்றத்தைத் தோண்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் சுருங்காது. "நீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். "நான்தான்" என்றார் டீச்சர். அப்படி ஒரு வார்த்தையை நான் இருபத்தைந்து வருஷத் தொழிலில் சொன்னதில்லை.

தெருமுனையில் மொபெட்டை ஸ்டார்ட் பண்ணப் போனவரை நிறுத்தினேன். "டீச்சர், சரளை போடலை. கறுப்பு மண்ணைத்தான் தள்ளினேன்" என்றேன்.

என்ன திட்டு விழுமோ என்று தலையைக் குனிந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், டீச்சர் மொபெட் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். முகத்தில் நிம்மதி!

"அப்ப கணக்கு சரிதானா? என் ஆண்டவரே. நான் பதினாலு வீட்டுக்கு இதே கணக்கு குடுத்திருக்கேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் போய் இடிக்கணுமோன்னு நினைச்சிட்டேன்."

அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வாங்க, தோண்டுவோம்."

சுவருக்கு முன்னால் மரத்தை முட்டுக் கொடுத்துவிட்டு, மழை விட்ட நேரமெல்லாம் தோண்டினோம். கறுப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டி, சரளை நிரப்பினோம். டீச்சர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அடுத்த மழையில் பத்து ஓட்டையிலும் தண்ணீர் கொட்டியது. முற்றம் சகதியானது. பால்வாடி அக்காவிடம் ஓட்டைக்கு நேரே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துச் சமாதானம் சொன்னோம். சுவர் அதற்கப்புறம் ஒரு நூல்கூட அசையவில்லை.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி நின்றுவிட்டது. பாய் வீட்டுச் சுவரில் டீச்சர் கணக்கு தப்பிவிட்டது என்று. டீச்சர் அதை மறுக்கவில்லை. என்னிடம் சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நாளைக்குப் பாயிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் தினம் நினைப்பேன். கடை வாசல் வரைக்கும் போய், வேட்டி ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். அப்படி எடுத்த வேட்டியே நாலு உண்டு.

இரண்டு மழை கழித்து ஒரு பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம். மண் பார்க்க யாரைக் கூப்பிடலாம் என்று கமிட்டி கூடியது. கட்டுகிறவன் நான், அதனால் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் டீச்சர் பேரைச் சொன்னார். இன்னொருவர், "அந்தம்மாவா? பால்வாடிச் சுவர்ல கோட்டை விட்டாங்களே. பிள்ளைக படிக்கிற இடம், எதுக்கு வம்பு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் காப்பி டம்ளர். குடித்தேன். மதுரையிலிருந்து வேறு ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு நான் குடித்த காப்பியைப் போல் ஒரு கசப்பை அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. டீச்சர் காதுக்கும் அந்தப் பேச்சு போயிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மழை ஓய்ந்தால் மட்டும் வருவார். என்னையும் சுவருக்குக் கூப்பிடுவார். பத்து ஓட்டையிலும் கம்பியை விட்டுப் பார்த்து, "வருது அண்ணாச்சி" என்பார். நோட்டில் எழுதுவார். எழுதி முடித்துவிட்டு ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஓட்டையைப் பார்ப்பேன். அப்புறம் நோட்டை மூடிவிடுவார். மூன்று மழை தாண்டியும் அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் மடிக்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

டீச்சர் ஓய்வு பெற்ற அன்று பாலிடெக்னிக் ஹாலில் பாராட்டு விழா. வீடு கட்டின ஆட்களெல்லாம் வந்திருந்தோம். பொன்னாடை போர்த்தி, நாற்காலியில் கூச்சமாக உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் சார்பில் பேசப் பாயை மேடைக்கு அழைத்தார்கள். பாய் நல்ல மனுஷர். மனசாரப் பேசினார்.

"தப்பு செய்யாத மனுஷன் கிடையாது. ஆனா செஞ்ச தப்பை நேர்ல வந்து, நான்தான் செஞ்சேன்னு சொல்லுதவங்க யாரு? எங்க வீட்டுச் சுவர்ல கணக்கு தப்பிருச்சு. டீச்சரே மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து என் முன்னால நின்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவங்கள மதிக்கேன்."

ஹாலே கை தட்டியது. டீச்சரும் சிரித்தபடி கையைக் கூப்பினார். என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன். நான் செய்த தப்புக்கு அவருக்குக் கை தட்டுகிறார்கள். எப்படி எழுந்தேன் என்று தெரியாது, எழுந்துவிட்டேன்.

"கணக்கு தப்பலை பாய். அவிய சொன்னது சரளை. நான் அதைப் போடாம கறுப்பு மண்ணை நிரப்பினேன். போட்டேன்னு பொய்யும் சொன்னேன். தப்பு என்னோடது. முழுசும் என்னோடது."

கை தட்டல் அப்படியே நின்றது. பாய் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "மேல என் பிள்ளை கல்யாணம், கீழ பச்சைப் பிள்ளைக. உங்களுக்கு எப்பிடி அண்ணாச்சி மனசு வந்தது?" என்றார். மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் பாய் எனக்கு வேலை தரவில்லை. அது நியாயம்தான்.

விழா முடிந்து, கூட்டம் கலைந்து, வாசல் வேப்பமரத்தடியில் ஒளிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் பொன்னாடையோடு அங்கேயே வந்துவிட்டார். கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்து, சுவர்ப் பக்கத்தை விரித்து என் கையில் கொடுத்தார். மழைக்கு ஒரு வரி.

'பத்தும் வருது. சுவர் அசையல. அண்ணாச்சி இன்னும் சொல்லல.'

'பத்தும் வருது. சுவர் அசையல. அண்ணாச்சி இன்னும் சொல்லல.'

ஆறு வரி அப்படியே. எழுத்து எனக்குக் கலங்கித் தெரிந்தது.

"ஆறு மழை ஆச்சு" என்றார் டீச்சர். "நான் பத்து போட்டு வச்சிருந்தேன் அண்ணாச்சி. சீக்கிரமாவே சொல்லிட்டீங்க."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. "இப்பவாவது அமர்ந்ததுன்னு எழுதிருங்க டீச்சர்" என்றேன். நோட்டை வாங்கி, பேனாவை எடுத்து, ஏழாவது வரியில் 'அண்ணாச்சி சொல்லிட்டார்' என்று தேதி போட்டு எழுதினார். பேனாவை மூடிவிட்டார்.

"மூணு மழை பாக்கணும்லா" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். ஒரு மழை, இரண்டு மழை. இரண்டாவது மழைக்கு மொபெட் ஓட்ட முடியவில்லை, ஆட்டோவில் வந்தார். மெலிந்து போயிருந்தார். என்ன செய்யுது என்று கேட்டதற்கு, "பாப்போம் அண்ணாச்சி" என்றுதான் சொன்னார். கம்பியை என் கையில் கொடுத்து ஓட்டைகளைப் பார்க்கச் சொன்னார். அந்தச் சித்திரையில் போய்விட்டார். நோட்டு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மனசு வரவில்லை.

போன கார்த்திகையில் மூன்றாவது மழை. ஓய்ந்த அன்று காலையில் என் கால் தானாக அங்கே போய்விட்டது. பால்வாடி அக்கா வாய்க்காலில் சேர்ந்த இலையை வாரிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. பத்து ஓட்டையிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்த்தேன்.

"ஹால்ல வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாமே அண்ணாச்சி" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். தோண்டும்போது வெளிய வந்ததெல்லாம் கறுப்பு மண்ணுல்லா, நான் இங்கன நின்னுக்கிட்டுத்தான இருந்தேன். ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டிருப்பேன். பிள்ளைக உக்காருத இடம் பாருங்க. டீச்சர்தான் என் கையப் பிடிச்சு, 'அவியளே சொல்லுவாங்க அக்கா, நீங்க முந்திராதீங்க'ன்னாங்க. எப்பச் சொல்லுவாங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

கீழ் வரிசையில் கடைசி ஓட்டைக்கு நேரே இலை அடைத்துக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்துப் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள்.

"வருதுக்கா. பத்தும் வருது" என்றேன்.